நான்கு விரல்களின் பெறுநர்

காலை ஏழு மணிக்குத் தவமணி அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, யாரோ ஒரு பெரியவரின் முழங்காலை வாங்கிக்கொண்டாள். முழங்காலின் வலியை மட்டும். எட்டரை மணி வரை அவர் எங்கோ நடைப்பயிற்சி போவார். இவள் அடுப்படியில் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நின்று குழம்பு வைப்பாள். ஒன்பது முதல் பத்து வரை ஒரு பல். பல் வருகிற நேரத்தில் அவள் எதுவும் சாப்பிடுவதில்லை. பதினொன்றரைக்கு மேல், வாரத்தில் மூன்று நாள், யாரோ ஒருத்தியின் இடுப்பு. அதற்குப் பாயில் படுத்துக்கொண்டால் போதும். கீழ்வளையத்தில் அவளைப் போல நானூறு பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டும்போதே, "இப்ப என்ன ஓடுது, பல்லா காலா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

சுழலூர் வானத்தில் மிதக்கும் ஒரு பெரிய சக்கரம். அது சுழல்வதால்தான் அங்கே ஆட்களுக்கு எடை இருந்தது. விளிம்பில் இருந்த கீழ்வளையத்தில் எடை முழுசாக இருந்தது. அச்சுக்கு அருகே இருந்த மேல்வளையத்தில் பாதிதான். அங்கே படியேறினால் மூச்சு வாங்காது, தண்ணீர்க் குடம் கனக்காது, இதயத்துக்கும் வேலை குறைவு. ஆனால் மேல்வளையத்தில் இருந்தது மொத்தம் இருநூறு வீடுகள்.

வலியைக் கைமாற்றிவிட நோவுமாற்றி என்று ஒன்று இருந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசியளவில் ஒரு சில்லு. முன்பு வலியை ஒரேயடியாக அறுத்துவிடப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அனுப்பிய செய்திக்குப் பதில் வராத நரம்பு இன்னும் உரக்கக் கத்தியது. எங்கோ ஒரு மூளை 'வந்து சேர்ந்தது' என்று சொன்னால்தான் நரம்பு அடங்கும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அது யாருடைய மூளை என்பது நரம்புக்கு முக்கியமில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வலிக்கும் ஓர் அனுப்புநர், ஒரு பெறுநர் என்று ஆயிற்று. அனுப்புநர் யாரென்று பெறுநருக்குச் சொல்ல மாட்டார்கள். உடம்பில் எந்த இடம், எந்த நேரம், அவ்வளவுதான் தெரியும்.

பத்து வருஷம் தவறாமல் வலி வாங்கியவர்களுக்கு மேல்வளையத்தில் வீடு. தவமணிக்கு ஒன்பது வருஷம் முடிந்திருந்தது. அவள் புருஷன் ஞானராஜ் குடிநீர்க் குழாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். "இந்த எடையில ரெண்டு வருஷம் தாங்குவாரு. மேல போயிட்டா இருபது வருஷம்கூட இருப்பாரு" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் அந்தப் புது ஒப்பந்தம் வந்தது. இடது கையில் கட்டைவிரல் நீங்கலாக நான்கு விரல்களின் நுனி. நாள் முழுவதும்.

"நாள் பூராவுமா சார்?" என்று கேட்டாள் தவமணி.

வலிமாற்றகத்தின் அலுவலர் வேதநாயகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விரல் நுனிதானே தவமணி. பல்லு, இடுப்பு, முழங்கால் எல்லாத்தையும் வேற ஆளுக்கு மாத்திடுறேன். இது ஒண்ணை மட்டும் பாருங்க. கொசுக்கடி மாதிரிதான் இருக்கும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தொடங்கியது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கோடு. மெல்லிய கம்பியொன்றின்மேல் விரலை வைத்து யாரோ அழுத்துகிறார்கள். பிறகு நடுவிரல். பிறகு மோதிர விரல். மூன்றும் சேர்ந்து. விட்டது. மறுபடி மூன்றும். ஒரு மணி நேரம் இதே மாதிரி. ஐந்து மணிக்குக் கோடுகள் நின்று, நான்கு நுனிகளிலும் சூடுபட்டது போன்ற எரிச்சல் மட்டும் தங்கியது. அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதுவும் இல்லை. வழுவழுவென்று, மஞ்சள் கறை ஏறிய அவளுடைய அதே விரல்கள்.

ஒரு வாரம் கழித்து ஞானராஜிடம் சொன்னாள். "தையல்காரியா இருக்குமோன்னு பாத்தேன். ஊசின்னா குத்தும்லா. இது கோடு போடுது."

"எப்படிப் போடுதுன்னு என் கையில வச்சுக் காட்டு" என்று அவர் முன்கையை நீட்டினார்.

நாலு மணி ஆனதும், வலி வந்த விரல்களை வந்த வரிசையிலேயே அவர் கைமீது அழுத்தினாள். அவர் முதலில் சிரித்தபடிதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு நின்றது. சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்றவர் அவர். பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவனின் இடது கையைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பாடியிருக்கிறார்.

"இது கிட்டார் பிடி" என்றார். "இந்தா, இது ஒரு பிடி. இப்ப மாத்துதாரு பாரு. இது வேற பிடி."

"கிட்டாரு வாசிச்சா வலிக்குமா?"

"புதுசுல எல்லாருக்கும் வலிக்கும். இரும்புக் கம்பியில்லா. மூணு நாலு வாரம் போனா நுனி காய்ச்சுப் போயிரும். அப்புறம் ஒண்ணும் தெரியாது."

"அப்ப ஒரு மாசம்தான்" என்று தவமணி ஆறுதலடைந்தாள்.

அவர் சொன்னதுபோலவே மூன்றாவது வாரம் எரிச்சல் சற்று மட்டுப்பட்டது. அங்கே, அந்த யாரோ ஒருவருடைய விரலில், தோல் தடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் நான்காவது வாரம் வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. சாதாரணமாகக் கிட்டார் பழகுகிறவர் வலித்தால் கம்பியை விட்டுவிடுவார். அந்த ஓய்வில்தான் தோல் கெட்டிப்படும். இந்த மனிதருக்கு நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் இரண்டாகி, மூன்றாயிற்று. கட்டிய காய்ப்பு கட்டியவுடனே பிய்ந்துபோயிற்று.

அந்த நான்கு நுனிகளின் வழியே தவமணிக்கு அவருடைய நாள் முழுக்கத் தெரிய வந்தது. ஆறரைக்குச் சூடான டம்ளர். ஏழு மணிக்குச் சோப்பு நுரை. "இன்னைக்கு எலுமிச்சம்பழம் பிழியுதாரு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். ஞானராஜ் ஈரத்துணியை எடுத்து அவள் விரல்களில் சுற்றிவிடுவார். அதனால் பயன் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

பாட்டும் தெரிய வந்தது. அவர் வாசித்தது ஒரே ஒரு பாட்டு. அதன் சத்தத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஏழு பிடிகள், எங்கே நீளம், எங்கே குறுக்கம் என்பது மட்டும் வலியாக வந்து சேர்ந்தது. நான்காவது பிடியிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது அவருடைய மோதிர விரல் ஒவ்வொரு முறையும் வழுக்கியது. தேவைக்கு மேல் இரண்டு மடங்கு அழுத்தினார். அது அவர் தப்பும் இல்லை. வலியை எடுக்கும்போது நோவுமாற்றி தொடுவுணர்விலும் பாதியைக் கூடவே அள்ளிக்கொண்டு வந்துவிடும். கம்பி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் போதும் என்று விரல் கற்கவேண்டியதெல்லாம் இவளுக்கு வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் தண்ணீர் வரிசையில் நின்றிருந்தாள். மணி நாலு. அவளுடைய இடது கை தடுப்புக் கம்பியைப் பற்றியிருந்தது. பக்கத்தில் நின்றவள் அந்தக் கையையே பார்ப்பதைக் கண்டு இவளும் குனிந்து பார்த்தாள். விரல்கள் ஒவ்வொரு பிடியாக மாறிக்கொண்டிருந்தன. அது புதிதல்ல. வீட்டிலும் அப்படித்தான். புதிது வேறொன்று. வலி வந்து சேர ஒரு கணம் இருக்கும்போதே அவள் விரல்கள் அடுத்த பிடிக்குப் போய்க் காத்திருந்தன.

ஐந்தாம் மாதம் வலியின் குணம் மாறியது. வாசிக்காத நேரத்திலும் மோதிர விரல் நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறித்தது. விரலுக்குள் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது போல் இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு மேலாக எத்தனையோ பேருடைய வலியை வாங்கியவளுக்குச் சீழ்க் கோத்த வலி எதுவென்று தெரியாதா. வலிமாற்றகத்துக்குப் போனாள்.

"சார், அவருக்கு விரல் புண்ணாகி உள்ளுக்குள்ள அழுகுது. வாசிக்கதை நிறுத்திட்டு மருத்துவர்ட்ட போகச் சொல்லுங்க."

வேதநாயகம் நிமிர்ந்து பார்த்தார். "வாசிக்கிறாரா? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தவமணி இடது கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"இங்க பாருங்க தவமணி. வலி உங்களுக்கு வரலாம். செய்தி வரக்கூடாது. விதி அப்படி. இன்னும் ஏழு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க, வீட்டுச் சாவி கையில வந்துரும்."

ஒரு வழி இருந்தது. பெறுநர் தாங்க முடியாத நிலைக்குப் போனால் வலியைத் திருப்பி அனுப்பலாம். காதுக்குப் பின்னால் மூன்று முறை அழுத்த வேண்டும். வலி உடையவரிடமே போய்விடும். அப்படிச் செய்தால் பெறுநரின் காலக்கெடுவில் ஒரு வருஷம் கூடும். ஏழு மாதம் பத்தொன்பது மாதமாகும். ஞானராஜுக்கு மருத்துவர் சொன்ன இரண்டு வருஷத்தில் ஐந்து மாதம் ஏற்கெனவே போய்விட்டது. மீதியும் பத்தொன்பது மாதம்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆளு யாருன்னே தெரியாதே தவம்."

"ஆளைத் தெரியாது. அந்த விரலைத் தெரியுமே."

ஞானராஜ் எழுந்து, சுவரைப் பிடித்தபடி நடந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்ப அனுப்பிரு" என்றார்.

அவள் மூன்று முறை அழுத்தினாள். நான்கு விரல்களும் ஒரே நொடியில் காலியாயின. எங்கோ மேலே அப்போது ஒருவர் அலறியிருக்க வேண்டும். அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் அந்த ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது. வேதநாயகம் வேறு யாருடைய தோள்பட்டையையோ கொடுத்தார். ஆனால் நாலு மணி ஆனால் தவமணி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தோள் வலித்துக்கொண்டிருக்கும், அதை அவள் கவனிக்கவே மாட்டாள். வராத ஒன்றுக்காக அவள் விரல்கள் காற்றில் பிடி மாறிக்கொண்டிருக்கும். "யாரையோ இழந்தவ மாதிரி இருக்க" என்றார் ஞானராஜ் ஒருமுறை. அவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அந்தப் பத்தொன்பது மாதங்கள் எப்படிப் போயின என்று பின்னால் இருவருமே பேசிக்கொண்டதில்லை. கடைசி நான்கு மாதம் ஞானராஜ் படுக்கையிலேயே இருந்தார். சாவி வந்த அன்று அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மின்தூக்கிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மின்தூக்கி மேலே போகப் போக நாற்காலி லேசாகியது. பாதி வழியில் அவர் தன் கையைத் தூக்கி, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கதவு திறந்ததும் எழுந்து நின்றார். எதையும் பிடிக்காமல் நின்றார். தவமணி அங்கேயே அழுதுவிட்டாள்.

குடியேறிய நான்காம் நாள், மூன்று வீடு தள்ளி ஒரு வாசலில் கிட்டார் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. 'வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு சீட்டு. தவமணி நின்றாள். உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் அருளப்பன், காற்று வாரியத்தில் பொறியாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"எடுத்துக்கங்கம்மா. ரெண்டு வருஷமா சும்மாதான் கெடக்கு. அஞ்சு மாசம் ராப்பகலா உழைச்சேன், எனக்கு வரல" என்று இடது கையை விரித்துக் காட்டினார். நுனிகள் வெளுத்துப் பளபளத்தன. மோதிர விரலில் நுனியே கொஞ்சம் குறைந்திருந்தது. "ஒருநாள் திடீர்னு கை தீப்பிடிச்ச மாதிரி ஆயிட்டு. ஆஸ்பத்திரிக்கு ஓடினா, இன்னும் ஒருநாள் விட்டிருந்தா விரலையே எடுத்திருக்கணும்னாங்க. எல்லாம் அந்த வலிமாற்றகத்துக்காரங்க செஞ்ச கோளாறு. வலி எப்படித் திரும்பி வரலாம்? விடாமப் புகார் கொடுத்தேன்."

தவமணி கிட்டாரை எடுத்தாள். அதற்கு முன்பு அவள் கிட்டாரைத் தொட்டதே இல்லை. எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பதற்குள் இடது கை கழுத்தில் போய் உட்கார்ந்தது. வலது கட்டைவிரலால் கம்பிகளை ஒரு தடவு தடவினாள். முதல் பிடி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு மோதிர விரல் வழுக்காமல் போய் இறங்கியது. அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்பதை அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். நினைத்ததைவிடச் சோகமாக இருந்தது.

அருளப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது என் பாட்டு. நானே கட்டினது. ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டல. எனக்கே ஒரு தடவைகூட முழுசா வரல." அவர் குரல் தாழ்ந்தது. "எங்க கேட்டீங்க?"

"கேக்கல சார். எனக்கு வந்துச்சு."

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு தன் விரல்களை. "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"பழகிப்போச்சு."

"எனக்குத் தெரியவே இல்லம்மா" என்றார். அது உண்மைதான். "கிட்டாரை வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு வழியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தவமணி வீட்டில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். அரை மணி நேரத்தில் நுனிகள் சிவந்துவிட்டன. ஐந்து மாதம் வாங்கிய வலியெல்லாம் நரம்பில் வந்த வலி. தோல் ஒரு கம்பியையும் தொட்டதில்லை. அது பச்சைப்பிள்ளைத் தோல்போல இருந்தது. இந்த முறை விரலைத் திருப்பிப் பார்த்தால் கோடுகள் இருந்தன. மூன்றாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அன்று மேல்வளைய அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இங்கே குடியிருப்பவர்கள் விரும்பினால் அனுப்புநராகப் பதிந்துகொள்ளலாம். அவள் காதுக்குப் பின்னால் இருக்கும் சில்லே போதும், திசையை மட்டும் மாற்றித் தருவார்கள்.

"மூணு நாலு வாரம்தான் தவம். காய்ச்சுப் போயிரும்" என்றார் ஞானராஜ்.

"பத்து வருஷத்துக்கு மேல ஊர் வலியெல்லாம் வாங்கியாச்சு. இப்ப என் வலியையும் நானேதான் வாங்கணுமா?"

"கீழ யாராவது வாங்கணும்லா."

"வாங்கினா அவங்களுக்கும் வீடு கிடைக்கும். நமக்குக் கிடைக்கலையா?"

அவள் படிவத்தில் எழுதினாள்: இடது கை, நான்கு விரல் நுனி. நேரம் என்ற இடத்தில் சற்று யோசித்துவிட்டு, நாள் முழுவதும் என்று எழுதினாள்.

முதல் நாள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தினாள். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு இருந்தது. அளவாக அழுத்தினாள். சூடான டம்ளரை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். "மெதுவாத்தான் வாசிக்கேன்" என்று ஞானராஜிடம் இரண்டு தடவை சொன்னாள்.

ஆனால் பாட்டு வரவில்லை. அருளப்பன் வாசலில் தானாக வந்த பாட்டு, இப்போது நான்காவது பிடியைத் தாண்டவில்லை. மோதிர விரல் வழுக்கியது. கம்பி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. நூலைத் தொடுவது போல, தண்ணீரைத் தொடுவது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினாள்.

இரண்டாம் மாதத்தில் ஒரு சாயங்காலம் ஞானராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இப்போதெல்லாம் தினமும் ஒரு சுற்று நடக்கிறார். "வா, நடந்துட்டு வருவோம். மூணு மணி நேரமா வாசிக்க" என்றார்.

"நீங்க போங்க. இந்த ஒரு இடம் மட்டும் வந்துட்டா போதும்."

அவர் அவள் கையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தனியாக நடந்து போனார்.

கம்பியில் ஏதோ ஈரம் பட்டிருந்தது. தவமணி அதை முந்தானையால் துடைத்துவிட்டு, நான்காவது பிடியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.